மூன்று பேர் உட்காரும் சீட்

செம்பியனுக்கு வாரத்தில் சனிக்கிழமை ஒன்றுதான் நாள். மற்றதெல்லாம் சும்மா விடிந்து சும்மா இருட்டும். பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் அவன் ஃபிட்டர். கரும்பு அரவை மும்முரமாக இருக்கிற மாசத்தில்கூட யார் கையையாவது காலையாவது பிடித்து சனிக்கிழமை ஷிப்டை மாற்றிக்கொண்டுவிடுவான். விடிகிறதுக்குள் எழுந்து, நகக்கண்ணில் இருக்கிற கிரீஸைச் சோப்பும் மண்ணெண்ணெயும் போட்டுத் தேய்த்து, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு விருத்தாசலம் போய், அங்கிருந்து சேத்தியாத்தோப்பு, புவனகிரி என்று பஸ்ஸில் உருண்டு, பத்து மணிக்குச் சிதம்பரம் வடக்கு வீதிக்குப் பின்னால் இருக்கிற அந்த வீட்டு வாசலில் நிற்பான். சாலையில் கரும்பு டிராக்டர் மறித்துக்கொண்டால் இறங்கி ஓடலாமா என்றுகூட அவனுக்குத் தோன்றும்.

அந்த வீட்டு வாசலில் 'துணை குடும்ப ஆதரவு மையம்' என்று ஒரு போர்டு இருக்கும். அதன் கீழே பொடி எழுத்தில் 'அரசு நிதியுதவியுடன்' என்று போட்டிருக்கும். அந்த நிதியும் உதவியும் எப்போது வரும் என்பது கொடுக்கிறவர்களுக்கே தெரியாது. சுனாமி வந்த மறு வருஷம், கரையோரத்துச் சனங்களுக்கு ஆறுதல் சொல்லத் திறந்த மையம் அது. போகப் போக அடிதடி, குடி, மாமியார் தொல்லை, விட்டுப்போன புருஷன் என்று ஊர்ப்பட்ட வழக்கும் அங்கே வந்து சேர்ந்துவிட்டது. அத்தனைக்கும் ஒரே ஆள் சவரியம்மாள். வயது ஐம்பதுக்கு மேல். சம்பளம் வராத மாசத்திலும் காலை ஒன்பதரைக்கு வந்து பூட்டைத் திறந்து, தானே பெருக்கி, தானே பாய் விரித்து வைப்பார்.

அந்தப் பாயில்தான் செம்பியன் தன் மகளைப் பார்ப்பான். இளமதிக்கு அப்போது ஏழு வயது.

சிந்துஜா பெண்ணைக் கூடத்து வாசல் வரைக்கும் கொண்டுவந்து, சவரியம்மாள் கையில் ஒப்படைத்துவிட்டு, உள் அறைக்குப் போய்விடுவாள். நடுவில் ஒரு பச்சைத் திரை தொங்கும். அவள் பள்ளிக்கூட டீச்சர். திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பிள்ளைகளின் நோட்டைத் திருத்திக்கொண்டிருப்பாள். பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்கும். எப்போதாவது இருமுவாள். இருமினால் போதும், அவனுக்குக் கை கால் ஓடாது. வெந்நீர் குடிக்கச் சொல் என்று மகளிடம் சொல்லி அனுப்பலாமா என்று நினைப்பான், வாயைத் திறக்க மாட்டான். மூன்று வருஷமாக அவர்களுக்குள் ஒரு வார்த்தை கிடையாது. கட்டிய பெண்டாட்டி ஒரு திரைக்கு அந்தப் பக்கம் இருமிக்கொண்டிருக்க, ஒருத்தன் இந்தப் பக்கம் பொம்மைக் காருக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தால் அவன் நெஞ்சு என்ன பாடு படும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஒரு மணி ஆக ஆகச் சிந்துஜா கட்டிக் கொடுத்த சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார்கள். சாம்பார் சாதமும் கத்தரிக்காய் கொத்சும் இருக்கும். இளமதி நாலு வாய் தின்றுவிட்டு டப்பாவைத் தள்ளிவிடுவாள். அவளுக்குக் கத்தரிக்காயே பிடிக்காது. பிடிக்காத பிள்ளைக்கு வாராவாரம் இதையே கட்டுகிறாளே, அதுவும் ரெண்டு ஆள் சோறு கட்டுகிறாளே என்று செம்பியனுக்கு ஆச்சரியமாக இருக்கும். வீணாக்காதீங்க தம்பி என்பார் சவரியம்மாள். அவன் சுவர்ப்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து டப்பாவை வழித்துத் தின்பான். கொத்சு என்றால் அவனுக்கு உயிர். மடையன், அதற்கு மேல் அவன் யோசித்ததில்லை.

இந்த நிலைமை வந்ததற்கு அவன்தான் காரணம். அதை அவன் யாரிடமும் மறைத்ததில்லை. சிந்துஜா பி.எட். முடித்ததும் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. ஷிப்டு முடிந்து வருகிறவனுக்கு யார் சோறு போடுவது என்று அவன் குதித்தான். வேலையா வீடா என்று கேட்டான். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். அதோடு விட்டானா? ஒருநாள் பால்வாடி வாசலில் போய் நின்று, யாரையும் கேட்காமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெண்ணாடத்துக்குப் போய்விட்டான். நாலு நாள் எங்கே என்று ஒரு தகவல்கூடச் சொல்லவில்லை. சிந்துஜா கிணறு குளமெல்லாம் தேடியிருக்கிறாள். மகளிர் காவல் நிலையத்தில் அவளை அவன் பார்த்தபோது, ஆள் பாதியாகியிருந்தாள். திட்டவில்லை, அழவில்லை. பிள்ளையை வாங்கி முகர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

அன்றைக்கு அவன் கொடுத்த வாக்கு ரெண்டு. கேட்காமல் பிள்ளையை மையத்துக்கு வெளியே கொண்டுபோக மாட்டேன், அவள் இருக்கிற தெருவில் கால் வைக்க மாட்டேன். அந்தத் தெரு மையத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். மூன்று வருஷமாக அந்தத் திருப்பத்தில் தலையைக் குனிந்துகொண்டு போனானே தவிர, ஒருதரம்கூட எட்டிப் பார்த்ததில்லை.

அப்படியிருக்க, இரண்டாயிரத்துப் பதினொன்றில் பொங்கல் முடிந்த கையோடு மையத்துக்கு மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. எந்த மையம் ஜாஸ்தி குடும்பங்களைச் சேர்த்து வைத்திருக்கிறதோ அதற்குத்தான் இனிமேல் பணம். மற்றதை மூடிவிடலாம். கடலூர் கலெக்டர் ஆபீசில் கூட்டம், பயனடைந்த குடும்பங்களையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

சவரியம்மாள் தெரிந்த குடும்பத்தையெல்லாம் கேட்டுப் பார்த்தார். சேர்ந்து வாழ்கிறவர்கள் வர மாட்டேன் என்றார்கள். இப்போதுதான் நல்லபடி இருக்கிறோம், பழைய சண்டையைச் சபையில் போய்ச் சொல்லவா என்று கேட்டார்கள். அதுவும் நியாயம்தானே. கடைசியில் செம்பியனிடம் வந்து, நீங்களாவது வந்து புள்ளைய பாக்க ஒரு எடம் வேணும்னு சொல்லுங்க தம்பி என்றார். அவனுக்கு வேறு என்ன இருக்கிறது? மையம் போனால் சனிக்கிழமை போயிற்று. சனிக்கிழமை போனால் மகள் போய்விட்டாள். வருகிறேன் என்றான்.

கூட்டத்தன்றைக்குக் காலையில் மஞ்சக்குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, கலெக்டர் ஆபீஸ் மரத்தடிக்கு வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். சவரியம்மாள் பக்கத்தில் சிந்துஜா நின்றுகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, இளமதியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஊதா நிறச் சேலை. நெற்றியில் ரெண்டு முடி நரைத்திருந்தது. திரையும் சுவரும் இல்லாமல் வெளிச்சத்தில் அவளைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று!

உள்ளே பெரிய மேஜைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மா. கெட்டவர் என்று சொல்ல முடியாது. முந்தின மையத்துக்காரர்கள் சொன்னதையெல்லாம் கேட்டுக் களைத்துப் போயிருந்தார். சிதம்பரம் மையத்தில் இந்த வருஷம் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று கேட்டார். சவரியம்மாள் சொன்ன எண்ணிக்கை அவருக்குப் போதவில்லை.

"சேத்து வைக்கிறது மட்டும் வேலயில்லீங்க மேடம். சேர முடியாதவங்க சண்ட போடாம புள்ளைய பாக்கறதுக்கு ஒரு எடம் வேணும். அத எங்க பண்ணுவாங்க, பஸ் ஸ்டாண்டுலியா?"

"நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா அதுக்கு இந்த ஃபாரத்துல கட்டமே இல்லியே. சேர்ந்தாங்களா இல்லியா, ரெண்டுதான் இருக்கு." சொல்லிக்கொண்டே அந்த அம்மா பெஞ்சுப் பக்கம் பார்த்தார். செம்பியன் மடியில் இளமதி உட்கார்ந்திருந்தாள். அவள் கால் அம்மாவின் மடியில் கிடந்தது. "இவங்க யாரு? இவங்க சேர்ந்துட்டாங்களா?"

சவரியம்மாள் பொய் சொல்லத் தெரியாதவர். வாயைத் திறந்து மூடினார். செம்பியனுக்கு ஆமாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. அந்த ஒரு சொல்லில் மையமும் பிழைக்கும், அவனும் ஒரு நிமிஷமாவது சிந்துஜாவுக்குப் புருஷனாக இருந்து பார்ப்பான். ஆனால் அவளைக் கேட்காமல் எப்படிச் சொல்வது? கேட்காமல் எடுத்துக்கொண்டதால்தானே இந்தக் கதி. அவன் எழுந்து நின்றான். இல்லை என்று சொல்லத்தான் எழுந்தான்.

"சேந்துட்டோங்க மேடம்" என்றாள் சிந்துஜா.

எப்போதிலிருந்து என்று கேட்டார் அந்த அம்மா. பொங்கலிலிருந்து என்றாள். இப்போது சண்டை இல்லையா என்று கேட்டார். சிந்துஜா கொஞ்சம் யோசித்தாள். "இருக்குதுங்க. ஷிப்டு முடிஞ்சி வந்து குளிச்சிட்டு ஈரத்துண்ட கட்டில் மேலியே போடுவாரு. எத்தன தடவ சொன்னாலும் கேக்க மாட்டாரு."

மேஜைக்குப் பின்னால் இருந்த மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். செம்பியனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னது பழைய சண்டை, நிஜமான சண்டை. அதை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறாளே! பெண்ணாடத்தில் இப்போதும் ஈரத்துண்டு கட்டில் மேலேதான் கிடக்கிறது, எடுத்துக் கொடியில் போடத்தான் ஆள் இல்லை என்று அந்தச் சபையிலேயே கத்திச் சொல்ல வேண்டும்போல இருந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

வெளியே வந்ததும் சவரியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார். சபையில் பொய்க்கு உடந்தையாக நின்றதற்கு ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்துகொள்கிறேன் என்றார். கடலூரிலேயே தங்கை வீடு இருந்ததால் அங்கே போய்விட்டார். மிச்சம் மூன்று பேர். யாரும் யாரோடும் பேசாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். இளமதி மட்டும் ரெண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு நடுவில் தொங்கிக்கொண்டே வந்தாள். அந்த நடைக்கு ஒரு முடிவு வராமலே இருக்கக் கூடாதா என்று செம்பியன் ஏங்கினான்.

சிதம்பரம் பஸ் வந்து நின்றதுதான் தாமசம், கூட்டம் மொய்த்துவிட்டது. ஜன்னல் வழியே துண்டு பறக்கிறது, பை பறக்கிறது, ஒரு ஆள் தன் செருப்பையே தூக்கி சீட்டில் போட்டார். கல்யாணமான புதுசில் செம்பியன் இதில் கெட்டிக்காரன். வண்டி நிற்கிறதுக்குள் துண்டை வீசி இடம் பிடித்துவிட்டு, அவள் பதவிசாக ஏறி வரும்போது ராஜா மாதிரி துண்டை எடுத்துத் தட்டிவிட்டு, ஒக்காரு என்பான். அன்றைக்கு அவன் கையில் துண்டு இல்லை. மகள் கேட்டாளே என்று வேர்க்கடலை வாங்கப் போயிருந்தான். வந்து ஏறிப் பார்த்தால், சிந்துஜா எப்படியோ மூன்று பேர் உட்காரும் சீட்டைப் பிடித்திருந்தாள். ஜன்னலோரம் இளமதி, நடுவில் அவள், இந்த ஓரத்தில் அவளுடைய பை. டப்பா வைத்துக் கொண்டுவருகிற அதே பை.

அவன் கடலையை மகள் கையில் கொடுத்தான். சிந்துஜா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பையை எடுக்கவில்லை. ஆம்பிளை யாரும் பக்கத்தில் வந்து உட்காரக் கூடாது என்று வைத்திருக்கிறாள், அந்த ஆம்பிளைகளில் நானும் ஒருத்தன்தானே என்று அவன் நினைத்துக்கொண்டான். உள்ளே சொன்னது மையத்துக்காகச் சொன்னது. அதை வைத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தால், மறுபடியும் கேட்காமல் எடுத்துக்கொண்ட மாதிரிதான் ஆகும். நகர்ந்து நகர்ந்து முன்னால் போய், டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஆலப்பாக்கம் போயிற்று, புதுச்சத்திரம் போயிற்று. நெருக்கி நெருக்கி ஆள் ஏறினார்கள். ஒருத்தர் மாற்றி ஒருத்தர் அவளிடம் குனிந்து எதையோ கேட்பதும், அவள் தலையை ஆட்டிச் சொல்வதும், அவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்வதும் டிரைவரின் கண்ணாடியில் அவனுக்குத் தெரிந்தது. வயசான ஒரு அம்மாளைக்கூட அவள் உட்கார விடவில்லை. இப்படிக் கல்நெஞ்சுக்காரியாகிவிட்டாளே, நான்தானே ஆக்கினேன் என்று அவனுக்கு வேதனையாக இருந்தது. வெள்ளாற்றுப் பாலத்தில் காற்று சில்லென்று அடித்தது. அவனுக்குக் கால் கடுத்துப் போயிற்று. சிதம்பரத்தில் இறங்கினதும் அவள் ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டுப் பிள்ளையை ஏற்றினாள். ஏறும் முன்னால் ஒருதரம் திரும்பி அவனைப் பார்த்தாள். அழப்போகிற முகமா, திட்டப்போகிற முகமா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

பணம் மறுபடியும் அனுமதியாகிவிட்டது என்று சவரியம்மாள் போன் பண்ணிச் சொன்னார். செம்பியனுக்கு ஆலைச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. வெளியே ஓடிவந்து, சந்தோஷம்மா என்றான். அதற்குப் பிறகுதான் அவர் மிச்ச விஷயத்தைச் சொன்னார். அவனும் சிந்துஜாவும் சேர்ந்துவிட்டதாகச் சென்னை வரைக்கும் பதிவாகிவிட்டது. அவர்கள் வழக்கு முடிந்தது. எந்தச் சனிக்கிழமை வேண்டுமானாலும் அந்த அதிகாரி அம்மா வந்து பார்க்கலாம். சேர்ந்துவிட்டவர்களைப் பாயில் உட்காரவைத்துப் பிள்ளை காட்டிக்கொண்டிருக்க முடியாது. அது தெரிந்தால் மற்றக் குடும்பங்களுக்கும் சேர்த்து மையம் போய்விடும்.

பாருங்கள் கூத்தை! எந்தக் கதவு மூடக் கூடாது என்று ரெண்டு பேரும் கடலூர் வரைக்கும் போனார்களோ, அந்தக் கதவு ஊருக்கெல்லாம் திறந்துகொண்டு இவர்களுக்கு மட்டும் மூடிக்கொண்டது.

சிந்துஜாவிடமும் சொல்லிவிட்டதாகச் சவரியம்மாள் சொன்னார். அவள் சரிங்க என்று மட்டும் சொன்னாளாம். அவளைக் கேட்டுப் போன் நம்பர் வாங்கித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றான் செம்பியன். "அவுங்களா குடுத்தா குடுக்கட்டும்மா. நான் கேக்க மாட்டேன்."

அந்தச் சனிக்கிழமையும் அவன் முதல் பஸ்ஸில் வந்தான். வேறு எங்கே போவான்? மையத்துக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடை நிழலில் பத்து மணியிலிருந்து நின்றான். உள்ளே வேறு யாரோ ஒரு அப்பன் பாயில் உட்கார்ந்து தன் பையனுக்குப் பந்து உருட்டிக்கொண்டிருந்தான். ஜன்னலில் பச்சைத் திரை ஆடியது. சவரியம்மாள் இவனைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். ஒரு மணி ஆனதும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், எப்போதும் ஏறுகிற விருத்தாசலம் பஸ்ஸில் ஏறிப் போனான். அடுத்த வாரமும் அப்படித்தான். மகளுடைய பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது, விழுந்துவிட்டதா என்று தெரியாமல் அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கோபம்கூட வந்தது. மையத்துக்காக என்னைப் புருஷன் ஆக்கினாள், வேலை முடிந்ததும் சரிங்க என்றுவிட்டாள் என்று தனக்குத்தானே பொருமிக்கொண்டான்.

மூன்றாவது வாரம் வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு மணிக்கு அவன் ஜெராக்ஸ் கடையை விட்டு நகர்ந்தபோது, இனிமேல் வருவதில் அர்த்தமில்லை என்று முடிவு கட்டியிருந்தான். பஸ் ஸ்டாண்டில் விருத்தாசலம் வண்டி புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. சீட்டெல்லாம் நிரம்பிவிட்டது. படியில் கால் வைக்கும்போது உள்ளேயிருந்து, "அப்பா!" என்று ஒரு குரல் கேட்டது.

ஜன்னலோரம் இளமதி உட்கார்ந்திருந்தாள். முன்பல் இல்லை. நடுவில் சிந்துஜா. ஓரத்துச் சீட்டில் அந்தப் பை இருந்தது.

அவன் பக்கத்தில் போய் நின்றான். பின்னால் ஏறியவர்கள் முட்டினார்கள், கண்டக்டர் உள்ளே போ, உள்ளே போ என்று கத்தினார். செம்பியன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, பஸ்ஸில் போகிற எந்த மனுஷனும் முன்பின் தெரியாத ஆளிடம் கேட்கிற ஒன்றை, மூன்று வருஷத்துக்குப் பிறகு தன் பெண்டாட்டியிடம் பேசுகிற முதல் பேச்சாகக் கேட்டான்.

"இங்க ஆளு வருதா?"

சிந்துஜா நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. "இத அன்னிக்கே கேட்டிருக்கலாம்" என்றாள். "கடலூர்லேருந்து வர்ற வரைக்கும் எத்தினி பேரு வந்து கேட்டாங்க தெரியுமா? ஆளு வருது, ஆளு வருதுன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாயே வலிச்சிப்போச்சி. ஒரு வயசான அம்மா சாபமே வுட்டுச்சி. நீங்க போயி டிரைவர் கிட்ட நின்னுக்கிட்டீங்க."

செம்பியன் கம்பியை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"மொதல்ல என்னெ ஒரு வார்த்த கேக்காம புள்ளைய தூக்கிக்கிட்டுப் போனீங்க. அப்பறம் எதுக்குமே என்னெ கேக்கறதில்லன்னு ஆயிட்டீங்க. ரெண்டும் ஒண்ணுதாங்க. நான் எப்பிடித்தான் சொல்றது?"

அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகும் கையைக் கம்பியிலிருந்து எடுக்க மறந்துவிட்டான். இளமதி அம்மாவின் மடிமேல் ஏறித் தாண்டி வந்து, வாயைத் திறந்து பல் விழுந்த இடத்தைக் காட்டினாள்.

"திங்கக்கெழம எனக்கு ஸ்கூலு இருக்குது. நாளைக்குச் சாயங்காலம் எங்கள கொண்டாந்து வுட்டுடணும்" என்றாள் சிந்துஜா. "வேலைய நான் வுட மாட்டேன்."

"வுட வேணாம்" என்றான் செம்பியன்.

வண்டி நகர்ந்தது. அவள் பைக்குள் கையை விட்டு டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, மகளைத் தாண்டி நேராக அவன் கையில் வைத்தாள். கத்தரிக்காய் கொத்சு. பக்கத்தில் நின்ற ஆள் ஒருத்தர் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க சார், இன்னொரு ஆள் உட்காரலாம் என்றார்.

"இல்லிங்க, எடமில்ல" என்றான் செம்பியன். "நாங்க மூணு பேரு."